இருவீச்சு ஜெட்ஸ்கியின் குழாய் மறுஇணைப்பு மரபு: ஸ்ரீ கெம்பாங்கானை முன்வைத்து ஓர் ஆய்வு

கழற்றியவர் ஒருவர், பூட்டுகிறவர் வேறொருவர் என்ற நிலையில் எழும் சிக்கல்கள் குறித்துத் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. இப்படித் தொடங்காத ஆய்வுக் கட்டுரையும் தமிழில் இதுவரை வெளிவரவில்லை.

ஆய்வுக்களம் ஸ்ரீ கெம்பாங்கான். ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பேர் வாங்கிய பள்ளம் இன்று ஏரி. அதன் கரையில் மைன்ஸ் பேரங்காடி. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈயக்குட்டைகள் பலவற்றில் மண்ணைக் குழாய் நீரால் பீச்சிக் கரைத்து, சேற்றைப் பம்பால் மேலேற்றித்தான் ஈயம் எடுத்தார்கள். ஜெட்ஸ்கியும் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சித்தான் முன்னால் போகிறது. ஆகவே அதன் பூர்வீகம் இப்பள்ளத்தாக்கே என்பது வெள்ளிடைமலை. கவாசாக்கி நிறுவனம் 1973இல் தன் முதல் ஜெட்ஸ்கியை விற்கத் தொடங்கிய செய்தி இம்முடிவுக்கு இடைஞ்சலாக இருப்பதால், அதை அடிக்குறிப்புக்குத் தள்ளி, பிறகு அடிக்குறிப்பையும் எடுத்துவிட்டோம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலம், போர்ட்டிக்சனிலிருந்து டிரெயிலரில் வந்து இறங்கிய பழைய இருவீச்சு யமாஹா. பட்டறைக்காரர்கள் 1985 முதல் 2011 வரை வந்த ஆர்எக்ஸ்இஸட் மோட்டார் சைக்கிளில் கைபழகியவர்கள். ஜெட்ஸ்கியைத் திறந்தபோது குழாய்கள் எல்லாம் ஒரு வாளிக்குள் கிடந்தன. முந்தைய உரையாசிரியர் அடையாளம் எதுவும் வைத்துப் போகவில்லை.

இனி வகைப்பாடு. குளிர்நீர்க் குழாய் முதலாவது. ஜெட்ஸ்கிக்கு ரேடியேட்டர் கிடையாது. பின்னால் பீச்சும் பம்பிலிருந்தே ஒரு கிளை பிரிந்து எஞ்சினைச் சுற்றிக் குளிரவைத்து, பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை வழியே சிறுநீர்போல் வெளியேறும். அந்தத் தாரை வரவில்லை என்றால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும் (காண்க: பட்டறைச் சுவர், கிழக்குப் பக்கம், காலண்டருக்குக் கீழே).

மூச்சுக் குழாய் பெட்ரோல் தொட்டிக்குள் காற்று போக. வேறு சிறப்பில்லை.

பெட்ரோல் குழாய்களில் பாடபேதம் மிகுதி. தொட்டிக்குள் நெட்டை, குட்டை என இரண்டு உறிஞ்சுமுனைகள். குட்டை வழக்கமான ஓட்டத்துக்கு, நெட்டை ரிசர்வுக்கு. மாற்றிப் பூட்டினாலும் வண்டி ஓடும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. நெட்டை முனை அடிச்சொட்டு வரை உறிஞ்சிய பிறகு, ரிசர்வுக்குத் திருப்பும்போது கரை தொலைவில் இருக்கும் (மார்க்கர் பேனாக் கையெழுத்து, தொட்டி மூடியின் உட்பக்கம், இரண்டாம் வரி, கடைசி எழுத்து பெட்ரோலில் கரைந்துவிட்டது).

துடிப்புக் குழாய் சுண்டுவிரல் நீளம்தான். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் அறையில் அழுத்தம் மாறிமாறித் துடிக்கும். அந்தத் துடிப்பை இந்தக் குழாய் கொண்டுபோய்ப் பெட்ரோல் பம்பின் சவ்வை ஆட்டுகிறது. இதில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றாது. இதற்கு ஓர் அத்தியாயமே தரலாம். ஆனால் இதில் சர்ச்சை இல்லாததால் ஆய்வுலகம் கவனிக்கவில்லை.

சர்ச்சை எல்லாம் எஞ்சிய குழாயில். அத்தனையும் பூட்டி முடித்தபின் வாளியில் ஒன்று மிச்சம் கிடந்தது: மெல்லியது, ஒரு முழ நீளம், உள்ளே கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு. பூட்ட முனை இல்லை.

இது இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். வேறொரு வண்டியின் குழாயைப் பிற்காலத்தார் யாரோ வாளிக்குள் நுழைத்துவிட்டார்களாம். ரப்பரின் நடை ஏனைய குழாய்களின் நடையோடு பொருந்தவில்லை என்பது இவர்கள் சான்று. முனைதான் மறைந்தது, குழாய் மூலமே என்பர் மற்றொரு சாரார். எங்கே மறைந்தது என்று கேட்டால், கடல்கோளில் என்கிறார்கள். தமிழாய்வில் காணாமல்போன எதற்கும் போய்ச்சேர ஓர் இடம் உண்டு. ஜெட்ஸ்கி கடலில் ஓடியது என்பதால் இம்முறை அக்கருதுகோளுக்குக் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. (விரிவுக்கு: தவுக்கேயின் கடன் நோட்டு, எண்ணெய்க்கறை படிந்த ஏடு, இடப்பக்க ஓரக்குறிப்பு, அதை மறுத்து எதிர்ப்பட்டறையார் தேத்தாரிக் கடையில் வாய்மொழியாகச் சொன்னது, இரண்டையும் மறுத்து அதே நோட்டின் அடுத்த பக்கம், பூனை படுத்துத் தேய்த்தது நீங்கலாக.)

கோலாலம்பூர் 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை நடத்திய ஊர். அந்தப் பெருமைக்கு ஏற்ப இருதரப்பையும் ஒரு கருத்தரங்கில் உட்காரவைக்க நினைத்தோம். மேடையில் யாருக்கு முதலில் பொன்னாடை என்பதில் உடன்பாடு எட்டவில்லை.

இதற்கிடையில் மெக்கானிக் அண்ணன் குழாயை எடுத்து முகர்ந்தார். ஒரு முனையில் ஊதினார். பிறகு எஞ்சினின் முன்பக்கம் திருகியிருந்த சிறு அலுமினியத் தகட்டை விரலால் தட்டிக் காட்டினார். அங்கே ஆயில் பம்ப் இருந்ததாம். முன்பிருந்த முதலாளி அதைக் கழற்றி, ஓட்டையைத் தகட்டால் அடைத்து, டூ-டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டியிருக்கிறார். பல பேர் செய்கிற வேலைதான். மிச்சம் கிடந்தது அந்த பம்பின் குழாய். இவ்விளக்கத்துக்கு அச்சுச் சான்று எதுவும் இல்லாததால் இதை ஒரு கருத்தாக மட்டுமே பதிவு செய்கிறோம்.

கட்டுரையைப் பார்த்த நெறியாளர் கடல்கோள் பகுதியை இரண்டு மடங்காக விரிக்கச் சொல்லியிருக்கிறார். மேற்கோள் இல்லாத, பேச்சுவழக்கில் அமைந்த பின்வரும் பத்தியை அடுத்த பதிப்பில் நீக்கவும் பணித்திருக்கிறார்:

“தம்பி, ஆயில் பம்ப் இல்லன்னு தொட்டி மூடியில பெருசா எழுதி வை. தெரியாம வெறும் பெட்ரோல் ஊத்துனா பிஸ்டன் ஜாம் ஆயிடும். அப்புறம், கடல்ல ஓட்டிட்டு வந்து பைப்புத் தண்ணியில கழுவும்போது முதல்ல எஞ்சினப் போடு, அப்புறம் தண்ணியத் திற. முடிக்கும்போது தண்ணிய மூடிட்டுத்தான் எஞ்சின அணைக்கணும். மாத்திச் செஞ்சா எக்ஸாஸ்ட் வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி ஏறிடும்லா.”