தலைக்கு வந்தது

கூடைப்பந்து சாதுவான ஆட்டமல்ல. பந்துக்குத் துள்ளும்போது பக்கத்திலிருப்பவன் முழங்கை மூக்கைப் பெயர்க்கும். நூறு கிலோ ஆசாமி ஓடி வந்த வேகத்தில் மேலே விழுவார். 3.05 மீட்டர் உயரத்தில் இரும்பு வளையம். அதைப் பிடித்துத் தொங்குவது வீரம் என்று கூட்டம் கைதட்டும். இத்தனை அபாயத்துக்கும் நடுவில், இந்த ஆட்டத்தை உலகம் முழுக்க ஆளுகிற ஃபிபாவின் கண்ணுக்குப் பயங்கர ஆயுதமாகத் தெரிந்தது ஒரு துண்டுத் துணி.

2014 ஆகஸ்ட், கத்தாரின் தோஹா. 18 வயதுக்குட்பட்டோருக்கான ஆசிய சாம்பியன்ஷிப். இந்திய அணியில் ஒரு சீக்கியப் பையன். பெரியவர்கள் கட்டும் அடுக்கடுக்கான தலைப்பாகை கூட அல்ல அவன் கட்டியிருந்தது. முடியைக் கொண்டையாக முடிந்து, நாலு மூலையிலும் நாடா வைத்த சதுரத் துணியால் இறுக்கிக் கட்டுவார்களே, பட்கா, அந்த வகை. பள்ளிக்கூட மைதானத்தில் சீக்கியப் பிள்ளைகள் நாளெல்லாம் அதோடுதான் குதிக்கிறார்கள். அவிழ்த்தால் ஆடலாம், இல்லாவிட்டால் உட்காரலாம் என்றார்கள். பையன் நாட்டுக்காக ஆட வந்தவன். அவிழ்த்தான்.

அதற்கு முந்தைய மாதம் சீனாவின் வூஹானில், இந்தியாவின் பெரியவர்கள் அணியில் ஆடிய அமிர்த்பால் சிங், அம்ஜ்யோத் சிங் இருவருக்கும் இதே மரியாதை நடந்திருந்தது. தலைத்துணியைப் பறிகொடுத்துவிட்டு ஆடிய அந்த அணிதான் சீனாவை அதன் ஊரிலேயே 65-58 என்று மண்ணைக் கவ்வ வைத்தது; இந்தியா சீனாவை வென்றது அதுவே முதல்முறை. ஆபத்து ஆபத்து என்று அதிகாரிகள் பதறியது இதை நினைத்துத்தானோ என்னவோ.

சட்டம் என்ன சொன்னது? மற்ற ஆட்டக்காரருக்குக் காயம் உண்டாக்கக்கூடிய எதையும் அணியக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் 5 சென்டிமீட்டர் அகலத்துக்குள் தலையில் பட்டை கட்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக், ரப்பர் பட்டைக்கும் தடையில்லை. ஆக, ஐந்து சென்டிமீட்டர் வரை துணி பரம சாது. ஆறாவது சென்டிமீட்டரில்தான் வெடிமருந்து வைத்துத் தைக்கிறார்கள் போலிருக்கிறது!

பல்பீர் சிங் கொண்டையோடு ஓடி மூன்று ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் வாங்கினார். பிஷன் பேடி வண்ண வண்ணப் பட்காவோடு 67 டெஸ்ட் ஆடி 266 விக்கெட் எடுத்தார். அதில் ஒருவர்கூட பட்கா மோதி அவுட் ஆனதாகப் பதிவில்லை. கால்பந்துக்காரர்களும் அதே 2014 மார்ச்சில் தலைப்பாகைக்கும் ஹிஜாபுக்கும் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். தலையாலேயே பந்தை முட்டுகிற விளையாட்டில் ஆபத்தில்லாத துணி, கையால் ஆடுகிற விளையாட்டில் ஆளைக் கொன்றுவிடுமாம்.

தோஹா கதைக்கு வால் ஒன்று உண்டு. அடுத்த மாதம் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசிய விளையாட்டுப் போட்டி. கத்தார் மகளிர் கூடைப்பந்து அணி மங்கோலியாவோடு ஆட வந்து நின்றது. ஹிஜாபைக் கழற்றுங்கள் என்றார்கள். மாட்டோம் என்றார்கள் அந்தப் பெண்கள். ஆடாமலே தோல்வி என்று எழுதிக்கொண்டார்கள். எந்த ஊரில் அந்தப் பையனின் பட்காவை அவிழ்க்க வைத்தார்களோ, அந்த ஊர்ப் பெண்களின் தலைக்கே அதே சட்டம் வந்து நின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நாம் நிம்மதிப் பெருமூச்சு விடுவோம். ஃபிபாவுக்கு அந்தப் பழமொழி தெரியாது. அதற்கு வேண்டியதே தலைப்பாகைதான்.

இங்கே கண்டன அறிக்கைகள் பறந்தன. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடக் கடிதம் எழுதினார்கள். சுவிட்சர்லாந்திலிருக்கும் தலைமையகம் அசைந்தது, ஆமை வேகத்தில். உள்நாட்டுப் போட்டிகளில் மட்டும் இரண்டு வருடம் சோதித்துப் பார்க்கலாம் என்று அந்த செப்டம்பரில் அருள்பாலித்தது. நூற்றாண்டுக் கணக்கில் கட்டி வருகிற துணியைப் புது மருந்து போல எதற்குச் சோதிக்க வேண்டும்? யார் மண்டை உடைகிறது என்று ஓரத்தில் உட்கார்ந்து எண்ணுவார்களா? இரண்டு வருடமும் கழிந்து, 2017 மே மாதம் ஹாங்காங்கில் மாநாடு கூட்டி ஒருமனதாகக் கையைத் தூக்கினார்கள். அக்டோபர் 1 முதல் தலையை மறைக்கலாம். கறுப்பாக இருக்க வேண்டும், இல்லையேல் வெள்ளை, இல்லையேல் சட்டையின் நிறம் என்றார்கள். ஓர் அணியில் எல்லோருக்கும் ஒரே நிறம். பேடியின் வண்ணங்களுக்கு அங்கேயும் இடமில்லாமல் போயிற்று.

அந்த ஒருமனதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. எதிர்த்துக் கைதூக்க ஒருவர்கூட இல்லாத விஷயத்துக்கு எதற்கு மூன்று வருடம்? 2014-இல் ஆபத்தாக இருந்த துணி 2017-இல் எப்படித் திருந்தியது? வூஹானிலும் தோஹாவிலும் இஞ்சியோனிலும் அவமானப்பட்டவர்களைக் கூப்பிட்டு, தப்பு எங்களுடையது என்று ஒரு வரி சொல்ல அந்த மாநாட்டுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

பெரியவர்கள் அணிக்காவது அடுத்த வருடம் உண்டு. தோஹாவில் அவிழ்த்த பையன் ஆடியது 18 வயதுக்குட்பட்டோர் போட்டி. ஹாங்காங்கில் அவர்கள் கை தூக்கியபோது அவனுக்கு அந்த வயது வரம்பு கடந்திருந்தது. இனி அவன் தலையில் எதைக் கட்டினாலும் ஃபிபாவுக்கு ஆட்சேபணை இல்லை.