ஊர்வலம் இல்லையேல் லீவு இல்லை

2021 தைப்பூசம் ஒரு வியாழக்கிழமை. கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. சேர்த்தால் மூன்று நாள். மந்திரி பெசார் சனூசிக்கு அது பொறுக்கவில்லை. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு இருக்கிறது, ஊர்வலம் கிடையாது, ஆகவே பொது விடுமுறையும் கிடையாது என்று ரத்து செய்துவிட்டார். கணக்கு சரிதான். காவடி வெளியே போகாவிட்டால் முருகனும் அன்று டூட்டிக்குப் போகவேண்டியதுதானே! இரண்டு வாரத்தில் சீனப் பெருநாள் வந்தது. சிங்க நடனத்துக்குத் தடை; விடுமுறைக்குத் தடையில்லை. ஜித்ரா ஒட்டுக்கடையில் இதற்கு விளக்கம் கேட்டேன். "டீ ஆறுது, குடிங்கண்ணே" என்றார் கடைக்காரத் தம்பி.

அந்த விடுமுறை ரத்துக்குச் சற்று முன்புதான், கோயில் உடைப்பு விவகாரத்தில் ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரனுக்குப் பதில் சொல்லப்போய், கள்ளை இழுத்தார் இதே மனிதர். 1940-களில் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச்சொல்லித் தொண்டர் படை மறியல் செய்தது எந்த மாநிலத்தில் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும். இதே கெடாவில்தான் ஐயா!

இவ்வளவுக்கும் பிறகு, 2023 மாநிலத் தேர்தலில் அவருடைய கூட்டணிக்கு 36-ல் 33 இடங்கள். ஜித்ராவும் அதில் சேர்த்தி.