சென்னை அடுக்ககச் சங்கங்களின் நிர்வாக நவீனமயம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

மாடிப்படியின் அடியில், மின்மீட்டர் பெட்டிகளுக்கும் ஓட்டுவாரற்ற ஒரு பழைய ஸ்கூட்டருக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பைத் தலைமையகமாகக் கொண்டு, ஊதியம் பெறாதவர்களால் நடத்தப்படும் ஆட்சியமைப்பே அடுக்கக உரிமையாளர் நலச் சங்கம் எனப்படும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெறும் இவ்வமைப்பில் தலைவர், செயலாளர், பொருளாளர் என மூவர் உண்டு எனத் துணைவிதிகள் கூறினும், நடைமுறையில் சுமை முழுவதும் செயலாளர் தலையில்தான் விடிகிறது. செயலாளர் எனப்படுபவர், தம்மைத் தேர்ந்தெடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு வர இயலாமற்போனவர் ஆவார்.

நவீனமயம் என்பது பழையதை அகற்றிப் புதியதை அமர்த்துவது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது; சங்க நிர்வாகத்தில் அவ்வாறு எதுவும் அகற்றப்பட்டதற்குச் சான்று இல்லை. ஆதியில் சங்கம் முழுவதும் ஒரு நீள நோட்டுக்குள் அடங்கியிருந்தது: முன்பக்கத்திலிருந்து வரவு, பின்பக்கத்திலிருந்து செலவு, நடுவில் பிளம்பரின் தொலைபேசி எண். பின்னர் கணினி அறிந்த செயலாளர் ஒருவர் அதனை எக்செல்லுக்கு மாற்ற, திரையில் தெரியும் தொகையைக் கணக்காக ஏற்க மறுத்த பொருளாளர் நோட்டையும் தொடர்ந்தார். அதன்மேல் வாட்ஸ்அப் குழுவும், அதன்மேல் கூகுள் ஷீட்டும், அதற்கும் மேல் ஆண்டுச் சந்தா கேட்கும் ஒரு செயலியும் வந்து படிந்தன. இதன் விளைவாக, ஒரே தண்ணீர் லாரியின் வருகை இன்று ஆறு இடங்களில் பதிவாகிறது; அவற்றுள் நம்பத்தக்கது, வாட்ச்மேன் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிவைக்கும் குறிப்பு ஒன்றே. அறிவிப்புப் பலகையும் ஒழியவில்லை. அதன் கண்ணாடிக் கதவின் சாவி எந்தச் செயலாளரின் ஆட்சிக்காலத்தில் தொலைந்தது என்பதில் கருத்து வேற்றுமை நிலவுவதால், "நாளை தண்ணீர் வராது" என்னும் தேதியிடாத தாள் இன்றளவும் அமலில் உள்ளது.

சங்கத்தின் சட்டமன்றம் வாட்ஸ்அப் குழுவே. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர இடமிருந்தும், பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பில் வாய் திறப்பவர் மூவரே. ஏனையோர் காலை வணக்கப் படங்களின் வழியே தம் இருப்பை உறுதிசெய்கின்றனர். சிங்கப்பூரில் அன்றிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் நார்த்கோட் பார்க்கின்சன், அணு உலைக்குச் சில நிமிடங்களில் ஒப்புதல் தரும் குழு சைக்கிள் கொட்டகையைப் பற்றி நெடுநேரம் விவாதிக்கும் என 1957இல் வெளியான தம் நூலில் எழுதினார். கார்பஸ் நிதி, அதாவது பெரும் பழுதுகளுக்கென ஒதுக்கிவைக்கும் முதல், எந்த வங்கியில் எவ்வளவு வட்டிக்குக் கிடக்கிறது என ஒருவரும் கேளாத குழுவில், மூன்றாம் மாடிப் படியோரம் கிடக்கும் செருப்பு யாருடையது என்னும் வினா நள்ளிரவு தாண்டியும் நீள்வதைக் காண்கையில், அவர் சென்னைக்கும் வந்துபோயிருக்கக்கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது.

அரசும் தன் பங்குக்கு நவீனமாகியிருக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2022இல் இயற்றப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழிசெய்கிறது. கட்டடத்தை இடிக்க மூன்றில் இரு பங்கு போதும். அதே கட்டடத்தின் படிக்கட்டுச் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்க முழு ஒருமனப்பாடு வேண்டும் என்பது எழுதப்படாத விதி. மேலும், பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிக்கும் மிகாமல், லிஃப்டும் இல்லாத குடியிருப்புகளின் பொது மின் இணைப்புக்கு யூனிட் 8 ரூபாயிலிருந்து 5.50 ரூபாயாகக் குறையும் என 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இதனால், லிஃப்ட் வேண்டாம் என்று ஆண்டுதோறும் வாதாடிவந்த தரைத்தள உரிமையாளரின் நிலைப்பாடு, மேல்மாடியாரின் முழங்கால்களைப் பொருட்படுத்தாத போதிலும், பொருளாதார அடிப்படை பெற்றுவிட்டது.

எனினும் நவீனமயத்தின் உச்சம் யுபிஐ எனப்படும் உடனடிப் பணப் பரிமாற்ற முறையே. 2016இல் அது அறிமுகமாவதற்கு முன், மாதச் சந்தாவைப் பொருளாளர் வீடு வீடாக ஏறி இறங்கி வசூலித்தார். கொடுத்தவர் முகம் தெரிந்தது, காபியும் கிடைத்தது. இப்போது பணம் தானாக வருகிறது, யாரிடமிருந்து என்பதுதான் வருவதில்லை. வாடகைக்கு இருப்பவர் தம் மைத்துனரின் கணக்கிலிருந்து அனுப்புகிறார். வெளிநாட்டிலுள்ள உரிமையாளருக்காக அவருடைய சித்தப்பா அனுப்புகிறார். குறிப்புப் பகுதியில் ஒருவர் "மெயின்டனன்ஸ்" என்று எழுதுகிறார், இன்னொருவர் ஒரு ரோஜாப்பூ இடுகிறார். பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒரே தொகை என்பதால், வங்கி தரும் பன்னிரண்டு இலக்கப் பரிமாற்ற எண்ணிலிருந்து வீட்டைக் கண்டறியப் பொருளாளர் கையாளும் முறை, பாஸ்புக்கை அச்சிட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவதாகும். இப்போது காபி கிடைப்பதில்லை, பணம் அனுப்பியவர் சந்தேகிக்கப்பட்டதாகக் கருதுவதால்.

ஆகவே, இவ்வாய்வை வாசிக்கும் அடுக்ககவாசிகள், அடுத்த மாதச் சந்தாவை அனுப்புகையில் குறிப்புப் பகுதியில் பூவைத் தவிர்த்து வீட்டு எண்ணை மட்டும் எழுதுமாறு வேண்டப்படுகிறார்கள்.