கிளைகள்: துபாய் (விரைவில்)

ஓட்டல்காரர்களில் இரண்டு ரகம். ‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது’ என்று போர்டில் பெருமையாக எழுதிவைப்பவர்கள் ஒரு ரகம். ஒரே ஒரு தள்ளுவண்டியை வைத்துக்கொண்டு ‘கிளைகள்: திருவொற்றியூர், எண்ணூர், துபாய் (விரைவில்)’ என்று எழுதுபவர்கள் இன்னொரு ரகம். ராயபுரம் கல்மண்டபத்தில் தொடங்கி எண்ணூர் வரைக்கும் பேட்டைக்கு ஒருவராவது இந்த இரண்டாம் ரகத்தில் தேறுவார். அப்பா, அம்மா வைத்த பேர் எதுவானாலும் ஊர் வைத்த பேர் ‘பிராஞ்ச் அண்ணன்’.

அண்ணன் விற்பது அத்தோ. 1964 தொடங்கி பர்மாவிலிருந்து கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் கைப்பக்குவமாகக் கொண்டுவந்த பதார்த்தம். நூடுல்ஸ், பொடியாக அரிந்த கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு வறுத்த எண்ணெய், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற பொரித்த மொறுமொறுப்பு. எல்லாவற்றையும் கையாலேயே பிசைவார். பக்கத்து அடுப்பில் வாழைத்தண்டு சூப் கொதிக்கும். பிசைகிற நேரத்தில் மட்டும் அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். தட்டு நம் கைக்கு வந்ததும் திறப்பார். அப்புறம் மூடுவது நம் பொறுப்பு.

“தம்பி, மெக்டொனால்ட்ஸை ஊரெல்லாம் பரப்புனது யாரு தெரிமா? மில்க் ஷேக் மெஷின் விக்க வந்த ஆளு. ரே கிராக். அந்தக் கடைய மொதல்ல பாக்கசொல்ல அவருக்கு அம்பத்திரண்டு வயசு. எனக்கு நாப்பத்தெட்டு. இன்னும் நாலு வருஷம் கையில கீது.”

அந்தக் கடையை உண்மையில் தொடங்கிய மெக்டொனால்டு சகோதரர்கள் 1961இல் 27 லட்சம் டாலரை வாங்கிக்கொண்டு வெளியேறிய அத்தியாயத்தை மட்டும் அண்ணன் சொல்வதில்லை. மங்களகரமாக இல்லையாம்.

அண்ணனின் விரிவாக்கத் திட்டத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தது மெட்ரோ ரயில். 2021இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை பாதை நீண்டபோது மற்றவர்கள் டிக்கெட் விலையைக் கேட்டார்கள். அண்ணன் ஸ்டேஷன்களை எண்ணினார். தண்டையார்பேட்டை ஒன்று, சுங்கச்சாவடி ஒன்று, காலடிப்பேட்டை ஒன்று, தேரடி ஒன்று. தேரடியில் மட்டும் சைவ அத்தோ. வடிவுடையம்மன் கோயில் பக்கம் முட்டை கூடாது என்பதில் கண்டிப்பு. நடைமுறையில் இன்றைக்கும் அவருடைய முதலீட்டாளர்கள் கன்டெய்னர் லாரி டிரைவர்கள்தான். துறைமுகத்துக்குப் போகிற வரிசை நகராத நாளில் வியாபாரம் களைகட்டும். போக்குவரத்து சீராகிவிட்டால், “துறைமுகம் டல்லாகிடுச்சு தம்பி” என்பார்.

பெயரைப் பதிவு செய்யவும் போனார். வணிகச் சின்னத்துக்குத் தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்; உணவகச் சேவை வருவது 43ஆம் வகுப்பில். வக்கீல் ஆபீஸிலிருந்து திரும்பியவர் அரண்டு போயிருந்தார். “நாப்பத்திமூணாங் கிளாஸாம் தம்பி. நான் எட்டோட நின்னவன்.”

சிரிக்கலாம், ஆனால் கொஞ்சம் பார்த்துச் சிரிக்க வேண்டும். 1982இல் மெரினாவில் வண்டி போட்ட பாட்ரிசியா நாராயண் முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 50 காசு. பிற்பாடு ‘சந்தீபா’ என்று உணவகங்கள் நடத்தியவர் அவர். 1957இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு தொடங்கியதும் ‘ஆனந்த விலாஸ்’ என்கிற ஒற்றைக் கடைதான். அவர் கட்டிய தலைப்பாகையே கடைக்குப் பேராகி, அந்தப் பேருக்காக வாரிசுகள் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆகவே அண்ணனின் போர்டு பொய் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதில் உள்ள ‘விரைவில்’தான் கொஞ்சம் நீண்டுகொண்டிருக்கிறது.

தவிர, கிளைகள் இருக்கத்தான் செய்கின்றன. அண்ணனிடம் வெங்காயம் அரிய வருகிற பையன் ஒரு வருஷத்தில் சூப் வைக்கக் கற்றுக்கொள்வான், அடுத்த வருஷம் பூண்டெண்ணெயின் பதம் பிடிபடும். அதற்கடுத்த ஆடி கழிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவான். ஆவணியில் நாலு தெரு தள்ளி ஒரு புது வண்டி முளைக்கும், ‘ஒரிஜினல் பர்மா அத்தோ’ என்று. ஊர் அதைத் துரோகம் என்கிறது. அண்ணன் போர்டில் ஒரு ஊர்ப் பேரைச் சேர்க்கிறார். பிரான்சைஸ் கட்டணம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, ராயல்டி கிடையாது. ஆனால் தரக் கட்டுப்பாட்டில் மட்டும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

போன மாதம் திருவொற்றியூரில் அப்படியொரு வண்டிமுன் அண்ணனைப் பார்த்தேன். ஒரு வாய் போட்டார், முகம் சுளித்தார். “புளி கம்மிடா” என்று அந்தப் பக்கம் போய், வண்டிக்காரப் பையனைத் தள்ளி நிறுத்திவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே பிசைய ஆரம்பித்துவிட்டார். பின்னால் ஆறு பேர் வரிசையில். எல்லாருக்கும் பிசைந்து கொடுத்தார். கல்லாவில் பையன் உட்கார்ந்து காசை வாங்கிப் போட்டுக்கொண்டான். கிளம்பும்போது தான் சாப்பிட்ட தட்டுக்கும் காசு எடுத்து நீட்டினார்.

“வேணாம்ணா, நீ போய்க் குடுக்கலாமா?”

“வச்சுக்கடா. பிராஞ்ச் கணக்கு வேற, ஹெட் ஆபீஸ் கணக்கு வேற.”

பையன் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டான்.