சுவருக்குப் பொன்னாடை

பிரிட்டனில் பழைய வீடு வாங்கியவரே, வாழ்த்துகள். ஐரோப்பாவிலேயே வயதான வீடுகள் மலிந்த நாட்டில் குடியேறியிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு 1919-க்கு முன் கட்டியது. உங்கள் வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், நடுவில் இடைவெளி கிடையாது, பூசியது சுண்ணாம்புக் காரை. விக்டோரியா மகாராணி காலத்தில் அறைக்கு ஓர் அடுப்பு வைத்துக் கரி எரித்தார்கள். சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போனது. நீங்கள் எரிவாயு எரிக்கிறீர்கள். சூடு சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் அதே வானத்துக்குத்தான் போகிறது. பில் மட்டும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

கவலை வேண்டாம். இது சுதந்திர நாடு. ஹீட்டிங்கையும் இன்சுலேஷனையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, அரசாங்கத்தின் கடந்தகாலச் சாதனைகளை வைத்து ஒரு கையேடு தருகிறேன்.

முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது, எந்த மந்திரி காலத்தில் குளிரெடுக்க வேண்டும் என்பதை.

2013-இல் குளிரெடுத்திருந்தால் உங்களுக்கு வாய்த்தது 'கிரீன் டீல்'. இன்சுலேஷனுக்குக் கடன் கிடைக்கும், வட்டி ஏழெட்டு சதவீதம், மின்கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். குளிரில் நடுங்குகிறவனுக்கு வட்டிக்குக் கம்பளி! ஆண்டு முடிவதற்குள் 10,000 பேர் சேராவிட்டால் தனக்குத் தூக்கம் வராது என்று அன்றைய துறை மந்திரி கிரெக் பார்க்கர் சொல்லிவைத்தார். சேர்ந்தவர்கள் 2,000 பேர்கூட இல்லை. 2015-இல் திட்டத்துக்கு மூடுவிழா. கடன் வாங்கிய வீடுகள் மொத்தம் சுமார் 14,000, அரசுக்கு ஆன செலவு 24 கோடி பவுண்டு. தேசியத் தணிக்கை அலுவலகம் வகுத்துப் பார்த்துச் சொன்னது: கடன் ஒன்றுக்கு 17,000 பவுண்டு. அந்தப் பணத்தை உறையில் போட்டு வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தால், வட்டியும் மிச்சம், மந்திரிக்குத் தூக்கமும் மிச்சம்.

2020 செப்டம்பரில் குளிரெடுத்திருந்தால் இன்னும் விசேஷம். 'கிரீன் ஹோம்ஸ் கிரான்ட்', 150 கோடி பவுண்டு, 6 லட்சம் வீடுகள். மானியத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த ஜனங்களுக்கு 2021 மார்ச்சில் ஒரு செய்தி வந்தது: கடை மூடியாச்சு. ஆறே மாதம். தேறியது 47,500 வீடுகள். நிர்வாகச் செலவு மட்டும் வீட்டுக்கு 1,000 பவுண்டுக்கு மேல். எந்தச் சுவர் சூடானதோ இல்லையோ, கோப்பு பார்த்த அறைகள் கதகதப்பாக இருந்திருக்கும்.

கிரீன் டீல் வந்த வருஷமே அன்றைய பிரதமர் இந்தச் செலவையெல்லாம் 'பசுமைக் குப்பை' என்று சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. குப்பையைக் குறைத்தார்கள். இன்சுலேஷன் வேலை பாதாளத்துக்குப் போனது. ஒன்பது வருஷம் கழித்து ரஷ்யா எரிவாயுக் குழாயை மூடி விலை எகிறியபோது, அதே கட்சியின் அரசாங்கம் ஜனங்களின் பில்லுக்கு ஆயிரக்கணக்கான கோடி பவுண்டு மானியம் அழுதது. சுவரை அடைக்கக் காசில்லை என்றவர்களுக்கு, சுவர் வழியாகப் போகும் சூட்டுக்குக் கொட்டிக் கொடுக்கக் காசிருந்தது.

அடுத்தது, ஆளைத் தேர்ந்தெடுப்பது. நீங்கள் சிரமப்பட வேண்டியதில்லை. ஆள் உங்களைத் தேர்ந்தெடுப்பான். கதவைத் தட்டி, கையில் அட்டையோடு நிற்பான். "ஃப்ரீ ஸ்கீம் மேடம், ஒரு பைசா வேண்டாம்." பொய்யில்லை. காசை எரிசக்தி நிறுவனங்கள் தரும். அந்தக் காசு எல்லார் பில்லிலும் ஏற்கெனவே ஏறியிருக்கும். மேலே ஒரு நிறுவனம், அதற்குக் கீழே ஒரு ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே ஒரு துணை ஒப்பந்தக்காரர், அவருக்கும் கீழே வேனில் வந்து இறங்கும் இரண்டு பையன்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. மழை வருவதற்குள் இந்தத் தெருவை முடிக்க வேண்டும். சுவரைத் தட்டிப் பார்க்க, காரை உதிர்ந்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, ஓதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க அந்தக் கூலியில் நேரம் கிடையாது.

பத்து சென்டிமீட்டர் இன்சுலேஷன் பலகையைச் சுவரில் ஒட்டுகிறார்கள். ஜன்னலுக்குக் கீழே மழைத்தண்ணீர் சொட்டி விலகட்டும் என்று நூறு வருஷத்துக்கு முன் ஒரு கொத்தனார் நாலைந்து சென்டிமீட்டர் நீட்டிவைத்த கல் இருக்கிறது. பலகை இப்போது அந்தக் கல்லைத் தாண்டி நிற்கிறது. கல்லில் விழும் தண்ணீர் எங்கே போகும்? பலகைக்கும் செங்கலுக்கும் நடுவில். கேஸ் மீட்டர் பெட்டி இருந்த இடத்தில் பலகையை அதன் வடிவத்துக்கே வெட்டி, சுற்றிலும் விரல் நுழையும் சந்து விட்டிருக்கிறார்கள். மேலே பளபளவென்று பூச்சு. நம் ஊர் மேடையில் பொன்னாடை போர்த்துகிற மாதிரி, போர்த்தியதும் ஒரு போட்டோ. போர்த்தப்பட்டவருக்கு மூச்சு விட முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், காற்றில் விடும். அதுதான் அது நூறு வருஷம் நின்ற ரகசியம். இப்போது வாங்க மட்டும் வழி இருக்கிறது. முதல் குளிர்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி. இரண்டாவது குளிர்காலத்தில் குழந்தைக்கு இருமல்.

புகார் கொடுங்கள். அதிகாரி வந்து பார்த்து, தப்பு யார் மேல் என்பதைக் கண்டுபிடித்துச் சொல்வார்: உங்கள் மேல். "ஈரத்துணியை உள்ளே காயப்போடாதீர்கள். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்." சூடு போகாமலிருக்க வீட்டை மூடியவர்கள், இப்போது ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் ஒன்றிரண்டு வீட்டில் நடந்த கோளாறு என்று நினைப்பீர்கள். பிரெஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில் 2013 வாக்கில் 300-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இப்படித்தான் போர்த்தி, மழை உள்ளே இறங்கிச் சுவர்கள் நாசமாயின. பாடம் கற்றார்களா? கற்றார்கள், பெரிதாகச் செய்யக் கற்றார்கள். 2022-க்குப் பின் அரசுத் திட்டங்களில் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளைப் பற்றித் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து 2025 அக்டோபரில் அறிக்கை தந்தது: 98 சதவீத வீடுகளில், விட்டால் ஓதமும் பூஞ்சையும் பிடிக்கும் அளவுக்குப் பழுது. 22,000-க்கும் மேற்பட்ட வீடுகள். நூற்றுக்கு இரண்டு வீடு மட்டும் எப்படித் தப்பியது என்று ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தால் தேவலை.

எந்த வேலைக்கும் சான்றிதழ் இருந்தது. தரக்குறியீடு இருந்தது. உத்தரவாதப் பத்திரம் இருந்தது. சான்றிதழ் கொடுக்க ஆள் இருந்தது, சான்றிதழ் கொடுப்பவனுக்குச் சான்றிதழ் கொடுக்கவும் ஆள் இருந்தது. ஏணி வைத்து ஏறிச் சுவரைப் பார்க்கத்தான் ஆளில்லை.

இனி ஹீட்டிங். சில வருஷம் அரசாங்கம் ஹைட்ரஜன் பாய்லரைக் காட்டி ஆசை வளர்த்தது. சோதனைக் கிராமம் என்று விட்பி, ரெட்கார் இரண்டையும் குறித்து, ஜனங்களின் எதிர்ப்பாலும் ஹைட்ரஜன் பற்றாக்குறையாலும் 2023-இல் இரண்டையும் கைவிட்டது. இப்போது ஹீட் பம்ப். 7,500 பவுண்டு மானியம். நல்ல யந்திரம், பொய் சொல்லக் கூடாது. வெளியே இருக்கும் சூட்டை இழுத்து, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவில் சூடு தரும். பழைய வீட்டுக்கு ஆகாது என்பது கட்டுக்கதை. விக்டோரியா காலத்து வீடுகள் உட்பட எல்லா வகை வீட்டிலும் பொருத்திப் பார்த்த அரசுச் சோதனையே அதைச் சொல்லிவிட்டது. தண்ணீர் மிதமான சூட்டில் ஓடும். அதற்கேற்ற பெரிய ரேடியேட்டர் வேண்டும், அறை அறையாகச் சூட்டிழப்புக் கணக்கு வேண்டும். ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை எரிவாயுவைப் போல் சுமார் நான்கு மடங்கு. மூன்று மடங்கு சூடு தரும் யந்திரத்தை வாங்க ஒரு கையால் காசு கொடுத்து, அதை ஓட்டும் மின்சாரத்தை இன்னொரு கையால் நான்கு மடங்கு விலையில் வைத்திருப்பதற்குப் பெயர்தான் ஊக்குவிப்பு.

பழைய வீடே வேண்டாம், சொந்தமாகக் கட்டிக்கொள்கிறேன் என்கிறீர்களா? புத்திசாலி. புது வீட்டுக்கு மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். சொந்தக் கையால் கட்டினால் பொருள்களுக்குக் கொடுத்த வரியைத் திரும்ப வாங்கலாம். பழைய வீட்டின் கூரை ஓடுகளை மாற்றி, உதிர்ந்த காரையைப் பூசினால் 20 சதவீதம் வரி. நிற்கிற வீட்டை இடித்தவனுக்குச் சலுகை, பராமரிக்கிறவனுக்கு அபராதம். 2016 முதல் கட்டும் ஒவ்வொரு புது வீடும் கரியமிலக் கணக்கில் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று 2006-இல் அறிவித்தார்கள். கெடு வருவதற்குச் சில மாதம் முன்பு, 2015 ஜூலையில், அதைத் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். அதற்குப் பின் எழும்பிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புது வீடுகள், நாளைக்கு இன்சுலேஷன் மானியம் கேட்கப்போகும் பழைய வீடுகள்.

செய்ய வேண்டியது என்ன என்பது யாருக்கும் தெரியாத வித்தையா? மழைநீர்க் குழாயைச் சரி பண்ணு. சிமெண்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்பால் பூசு. கூரைக்கடியில் கனமாக இன்சுலேஷன் போடு. காற்று புகும் சந்துகளை அடை. காற்றோட்டத்துக்குத் தனி வழி வை. சுவருக்கு ஈரம் விடும் பொருளைப் போடு, மரநாரோ சுண்ணாம்புக் கலவையோ. அதற்குப் பிறகு கணக்குப் போட்டு ஹீட்டிங் வாங்கு. பழைய வீடுகளில் கைவைக்கும் எந்த நல்ல கொத்தனாரும் இந்த வரிசையைச் சொல்வார். இதற்கு வேண்டியது வீட்டுக்கு ஒரு நாள், விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பொறுமையாகப் பார்ப்பது. பலகைக்குக் காசு, பசைக்குக் காசு, விளம்பரத்துக்குக் காசு, நிர்வாகத்துக்குக் காசு. பார்ப்பதற்குக் காசில்லை.

பார்க்காமல் போர்த்தினால் என்னவாகும் என்று 2017 ஜூன் 14 அன்று லண்டன் பார்த்தது. கிரென்ஃபெல் டவரில் 72 பேர் தீயிலும் புகையிலும் செத்தார்கள். அழகுக்கும் கதகதப்புக்கும் என்று அந்தக் கட்டடத்தைப் போர்த்தியிருந்தது எரியக்கூடிய பொருள். இன்சுலேஷன் பலகை விற்ற நிறுவனம், தீச்சோதனையில் எரியாத வேறு பலகைகளைச் சேர்த்துத் தேறிவிட்டு, அதை அறிக்கையில் சொல்லாமல் மறைத்தது. பொருள் விற்றவர்களின் நேர்மையின்மை திட்டமிட்டது என்று விசாரணையின் இறுதி அறிக்கை எழுதியது. அது வர 2024 செப்டம்பர் ஆனது. அந்த நாள்வரை அந்த நெருப்புக்குப் பொறுப்பு என்று ஒருவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை.

இந்த நாட்டில் இன்சுலேஷனுக்காக யாருமே ஜெயிலுக்குப் போகவில்லை என்று சொல்லிவிட முடியாது. போனார்கள். 2021 நவம்பரில் ஒன்பது பேர், மூன்று முதல் ஆறு மாதம் வரை. அவர்கள் செய்த குற்றம், ஏழைகளின் வீடுகளுக்கு ஒழுங்காக இன்சுலேஷன் போடு என்று கேட்டு, கோர்ட் தடையை மீறி நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது.