அப்பவே சொன்னவர்

"நேனு அப்புடே செப்பானு கதா?" (நான் அப்பவே சொன்னேன் இல்ல?) என்று வேறு யாராவது கேட்டால் அது வெறும் கேள்வி. எங்கள் மேனேஜர் கேட்டால் யாருக்கோ அன்று தலை உருளப்போகிறது. சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் ஆறு சீசன் அவரிடம் குப்பை கொட்டினேன். நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அப்பவே சார்'.

ஊரில் எது நடந்தாலும் அவர் அப்பவே சொல்லியிருப்பார். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானதா? "பிரிச்சாத்தான் சரிப்படும்னு அப்பவே சொன்னேன்." யாரிடம் என்று கேட்கக்கூடாது. 2025-ல் தோத்தாபுரி மாம்பழ விலை படுத்துப்போய், கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று விவசாயிக்குக் கணக்குப் போட்டார்களே, அதுவும் அவருக்கு முன்னாலேயே தெரியும். அப்புறம் ஏன் எங்கள் கோடவுனில் பழைய வருஷத்துக் கூழ் ட்ரம் ட்ரம்மாகத் தூங்கியது? அதை விற்றுத் தொலைக்கும்படி என்னிடம் அப்பவே சொன்னாராம்.

அவர் பேச்சைக் கேட்டுக் கெட்டது நடந்தால் மட்டும், சொல்லவே இல்லை. இந்த வித்தைக்கு எங்கள் ஊர் ரொம்பத் தோது. இரண்டு பாஷை புழங்குகிற எல்லையூர். உத்தரவைத் தெலுங்கில் போடுவார், மறுப்பைத் தமிழில் வைத்துக்கொள்வார். திங்கட்கிழமை, "பம்பிச்செய்ப்பா" என்றார். அனுப்பினேன். 215 கிலோ ட்ரம்கள் கண்டெய்னர் ஏறி சென்னைத் துறைமுகம் போய்விட்டன. வியாழக்கிழமை பார்ட்டி போன் செய்து, கூழின் சர்க்கரை அளவைச் சொல்லும் பிரிக்ஸ் ரிப்போர்ட் எங்கே என்றான். எட்டுப் பேர் நடுவில் என்னைக் கூப்பிட்டார்.

"லேப் ரிப்போர்ட் வந்தப்புறம் அனுப்புன்னுதானே சொன்னேன்?"

"சார், திங்கட்கிழமை நீங்கதான்..."

"நானா? எப்ப?" என்றவர் குரலைத் தாழ்த்தி, பெற்ற தகப்பன் மாதிரி, "உனக்கு இப்பல்லாம் ஞாபகம் தப்புதுப்பா. உடம்பைப் பார்த்துக்கோ" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கரிசனம்தான் ஆளைச் சாய்த்தது. அன்று சாயங்காலமே நாட்டு மருந்துக் கடையில் வல்லாரை லேகியம் வாங்கினேன். காலையும் ராத்திரியும் ஒரு உருண்டை. இரண்டு பாட்டில் தீர்ந்தது. ஞாபகம் கூடவில்லை, பசிதான் கூடியது.

ஒருநாள் டீக்கடையில் ஸ்டோர்ஸ்காரர் பையிலிருந்து அதே பாட்டிலை எடுத்தார். பக்கத்தில் அக்கவுண்ட்ஸ் அண்ணன் திருதிருவென்று விழித்தார். அவர் வீட்டில் வல்லாரை மாத்திரையாம். டிஸ்பேட்ச் பையன் பாதாம் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தான். ஒரே ஆபீஸில் நாலு பேருக்கு ஒரே வருஷத்தில் மறதி வியாதி! நாலு திங்கட்கிழமைகளை மேஜைமேல் வைத்து ஒப்பிட்டோம். டீ ஆறிப்போனது. வியாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

இதற்குப் பெயர் கேஸ்லைட்டிங் என்று என் மகள் சொன்னாள். 1938-ல் பாட்ரிக் ஹாமில்டன் என்பவர் எழுதிய நாடகத்திலிருந்து வந்த பெயராம். வீட்டில் கேஸ் விளக்கு மங்கும். புத்தி மங்கியது தனக்குத்தான் என்று பெண்டாட்டியை நம்பவைப்பான் புருஷன். அந்தப் புருஷனுக்காவது தான் செய்வது தெரியும். எங்கள் ஜில்லாவில் பொய்யனை மடக்க, "காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணு" என்பார்கள். அப்பவே சார் பிள்ளையார் முன்னால் ஜம்மென்று போய் நிற்பார். நம்பித்தானே சொல்கிறார்! காணிப்பாக்கம் பிள்ளையார் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது ஜனங்களின் நம்பிக்கை. இவர் வளர்ந்ததை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம்.

லேபில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவர் சொன்னதையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதி, அவரிடமே கையெழுத்துக் கேட்டாள். சீசன் முடியுமுன் அவளை நிறுத்திவிட்டார்கள். "இவ சரிப்படமாட்டான்னு அப்பவே சொன்னேன்." லேகியம் தின்ற நாலு பேரும் வாயில் லேகியத்தை வைத்திருந்தவர்கள் போலச் சும்மா இருந்தோம். பெண்களிடம் கையை நீட்டினால் 2013-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, கமிட்டி இருக்கிறது. ஆள் ஞாபகத்திலேயே கையை வைத்தால் எந்தக் கமிட்டியில் போய்ச் சொல்வது? அவள் பாத்ரூமில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கு வல்லாரை வேண்டியிருக்கவில்லை.

கெட்டவர் என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்த ராத்திரி, தன் காரிலேயே வேலூருக்கு ஓட்டிக்கொண்டு போனவர் அவர்தான். அதை மூன்று வருஷம் சொல்லிக்காட்டியவரும் அவர்தான்.

இப்போது திருப்பதியில் வேலை. புது மேனேஜர் என்னைவிடச் சின்னப் பெண். முதல் வாரம், "சாரி அண்ணா, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். நான் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதம்வரை, "டீ சொல்லட்டுமா மேடம்" என்பதைக்கூட வாட்ஸப்பில் கேட்டுத்தான் சொல்லி அனுப்பினேன்.

போன மாதம் அலிபிரி வழியாக மலையேறினேன். 3550 படி. காலி கோபுரத்தருகே ஒருவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பவே சார்! இளைத்திருந்தார். மனசு கொஞ்சம் இளகி, தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு, பக்கத்திலிருந்த மருமகனிடம் சொன்னார்:

"திருப்பதிக்குப் போனா நல்லா வருவேடான்னு இவன்கிட்ட அப்பவே சொன்னேன்."

கும்பிட்டுவிட்டு மேலே ஏறினேன். நூறு படி தாண்டியும் நெஞ்சில் ஒரே குடைச்சல். ஒருவேளை, சொல்லியிருப்பாரோ?