என் பெயர் எந்தப் பக்கம்?

தன்வரலாறு எழுதுகிறவருக்குப் பெரிய ஆபத்து, அவர் திட்டி எழுதியவர்களால் வருவதில்லை. திட்டு வாங்கியவர்கள் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை ஊருக்கு அனுப்புவார்கள். ஒரு வரியில்கூட இடம் கிடைக்காதவர்கள்தான் ஆபத்து. அடுத்த வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் தோசைக்கு நிற்கும்போது, "முழுக்கப் பொய்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

சிட்னியில் எங்கள் குவேக்கர்ஸ் ஹில்லில் குவேக்கர்களும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி ஹில்லும் இல்லை. கறிவேப்பிலை மரமும், ஓய்வுபெற்றுத் தன்வரலாறு எழுதுகிறவர்களும் தெருவுக்குத் தெரு உண்டு. எங்கள் தெருவில் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். வாழ்க்கை வரலாறு எது கையில் கிடைத்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "தம்பி, உதிலை என்ரை பேர் வருதோ?"

இந்தக் கேள்வியை இளக்காரமாக நினைக்கக் கூடாது. இதனாலேயே அவர் எஸ்.பொ.வின் 'வரலாற்றில் வாழ்தல்' இரண்டு தடித்த தொகுதிகளையும் ஒரு வரி விடாமல் படித்தவர். எஸ்.பொன்னுத்துரை நல்லூரில் 1932இல் பிறந்தவர். மட்டக்களப்பில் ஆசிரியர், பிறகு நைஜீரியா, கடைசியில் எங்கள் சிட்னி. 2014 நவம்பரில் இங்கேதான் காலமானார். முற்போக்குக்காரர்களோடு முறைத்துக்கொண்டு 'நற்போக்கு' என்று தனிக்கடை போட்ட மனிதர் தன் கதையைச் சொன்னால் எத்தனை பேருக்கு அடி விழும் என்று யோசித்துப் பாருங்கள். மாஸ்டருக்கு ஒரு அடியும் விழவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. "என்னைத் தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டார்" என்று பெருமூச்சு விடுவார். அவ்வளவு பெரிய புத்தகத்துக்குப் பயப்படுகிறவர்கள் 'நனவிடை தோய்த'லில் தொடங்கலாம். எஸ்.பொ.வின் சின்ன வயது யாழ்ப்பாணம் அதில் இருக்கிறது. மெலிந்த புத்தகம், அதிலும் மாஸ்டர் இல்லை.

தமிழ்த் தன்வரலாறுகளுக்குப் பின்னால் பெயரடைவு போடும் வழக்கம் குறைவு. சோம்பல் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் ராஜதந்திரம். அடைவு போட்டால் நம் ஆட்கள் கடையிலேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பெயர் இல்லையென்றால் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆ.இரா.வேங்கடாசலபதி வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி பற்றி ஆங்கிலத்தில் எழுதிய 'சுவதேசி ஸ்டீம்' புத்தகத்துக்கு அதுதான் நடந்தது. ஆய்வு நூல் என்பதால் ஒழுங்காக அடைவு இருந்தது. மாஸ்டர் இரண்டு நிமிடத்தில் 'படித்து' முடித்தார். அந்தக் கம்பெனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது என்று நான் சொன்ன பிறகுதான், தன் பாட்டனார் அதில் போயிருக்கக் கூடும் என்ற சந்தேகம் வந்து, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். பாட்டனார் அகப்படவில்லை. ஆனால் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டியாளரை நசுக்கிய கதையைப் படித்துவிட்டு, "இஞ்சை சூப்பர்மார்க்கெட்டுக்காரர் செய்யிற வேலைதான்" என்றார். இதே ஆசிரியரின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு 2024இன் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தமிழிலேயே படிக்க விரும்புகிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

என் வீட்டிலும் நிலைமை இப்படித்தான். அருந்ததி ராய் தன் தாயைப் பற்றி எழுதிய 'மதர் மேரி கம்ஸ் டு மீ' 2025இல் வந்ததும் மனைவி வாங்கினாள். அட்டையில் ஆசிரியர் பீடியும் கையுமாக இருக்கிறார். அந்தப் படத்தை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டார்கள், தள்ளுபடியானது. என் மாமியார் நீதிமன்றத்துக்கெல்லாம் அலையவில்லை. போன வருட காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அட்டை போட்டுவிட்டார். பீடியின் மேல் இப்போது வள்ளி தெய்வானை சமேத முருகன்.

அட்டை போட்ட கையோடு அவரே படிக்கவும் ஆரம்பித்தார். மேரி ராய் லேசுப்பட்ட அம்மா இல்லை. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் தொடங்கியவர்; சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கும் அப்பன் சொத்தில் சம பங்கு உண்டு என்று 1986இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியவர். பெற்ற பிள்ளைகளே பள்ளியில் 'மிஸஸ் ராய்' என்றுதான் கூப்பிட வேண்டும். அன்பும் அடியும் ஒரே கையிலிருந்து வருவதை மகள் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அண்மையில் வந்தவற்றில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மாமியார் பாதிப் புத்தகத்தில் நிறுத்தி, மகளைக் கூப்பிட்டார். "நீ என்னைப் பத்தி இப்படியெல்லாம் எழுத மாட்டியே?"

"நீ முதல்ல ஒரு ஸ்கூல் ஆரம்பி, சுப்ரீம் கோர்ட்ல ஒரு கேஸ் ஜெயி. அப்புறம் யோசிக்கலாம்."

கிரிக்கெட் வீரர் அஸ்வினின் 'ஐ ஹேவ் தி ஸ்ட்ரீட்ஸ்' (2024) ரயிலுக்கு ஏற்ற புத்தகம். நான் மரயாங்கில் திறந்தால் சென்ட்ரல் வரை மேற்கு மாம்பலம் ராமகிருஷ்ணாபுரம் முதல் தெருவில்தான் இருப்பேன். எதிர்வீட்டுக் காம்பவுண்டில் பந்து விழுந்தால் என்ன சட்டம் என்று தெரிந்த எவருக்கும் பிடிக்கும். என் நண்பர் ஒருவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. 2021 ஜனவரியில் சிட்னி மைதானத்தில் முதுகுவலியோடு அஸ்வினும், தொடைப் பிடிப்போடு விஹாரியும் நின்று டெஸ்டை டிரா செய்தார்களே, அன்று இவர் அரங்கிலிருந்து தமிழில் கத்தியிருக்கிறார். அந்தக் குரல் புத்தகத்தில் வரும் என்று நம்பி வாங்கினார். புத்தகமோ 2011 உலகக் கோப்பையோடு நின்றுவிடுகிறது. அஸ்வின் சிட்னி தண்டர் அணிக்கு ஆட வருகிறார் என்றதும் நண்பர் நேரில் ஞாபகப்படுத்தத் தயாரானார். முழங்கால் காயம், அஸ்வின் வரவில்லை. நண்பர் இப்போது இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்கிறார்.

ஒருமுறை மாஸ்டருக்கு ஏ.பி.ஃபேசியின் 'எ ஃபார்ச்சுனேட் லைஃப்' கொடுத்தேன். 1981இல் வந்த ஆஸ்திரேலியப் புத்தகம். பள்ளிக்கூடமே பார்க்காமல் எட்டு வயதில் வேலைக்குப் போனவர், கலிப்பொலியில் அடிபட்டவர், பிற்பாடு போரில் மகனைப் பறிகொடுத்தவர், அத்தனைக்கும் பிறகு தலைப்பு 'அதிர்ஷ்டமான வாழ்க்கை'. முதல்முறையாக மாஸ்டர் தன் பெயரைத் தேடவில்லை. இரண்டு நாள் பேச்சும் இல்லை. பிறகு சொன்னார்: "நான் ஒரு பல்லுப் பிடுங்கினதுக்கே மூண்டு அத்தியாயம் எழுதி வைச்சிருக்கிறன், தம்பி."

மூன்றையும் கிழித்துவிட்டு இப்போது வேறு முறையில் எழுதுகிறார். முதலில் பெயரடைவு. செய்தி பரவி, டூங்காபியிலிருந்தும் பெண்டில் ஹில்லிலிருந்தும் தொலைபேசி வருகிறது. வெளியீட்டு விழாவுக்குக் கனமான என்வலப் கொண்டுவருவதாகச் சொல்லுகிறவர்களுக்கு இரண்டு பக்க எண்கள் ஒதுக்கப்படுகின்றன. போன வாரம் எனக்கும் அடைவைக் காட்டினார். என் பெயர், எதிரே 214.

"என்ன எழுதப் போறீங்க மாஸ்டர்?"

"இன்னும் ஒண்டும் இல்லை. நான் இப்ப அறுபதாம் பக்கத்திலை நிக்கிறன். அதுக்குள்ளை நீர் ஏதாவது செய்து போடும்."